பதினோராம் நம்பர் மலையும் ஒரு பழைய போனும்

எது லயத்துப் போன் என்பதை ஆரிஃபாவுக்கு மூக்கே சொல்லிவிடும்.

தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். மழையில் நனைந்த போனை ஊர் முழுக்க அரிசியில் புதைத்து வைப்பார்கள். லயத்தில் மட்டும் டீத்தூள் டின்னில் புதைப்பார்கள். மாதாமாதம் எஸ்டேட்டே கொடுக்கிற தூள்தான். அரிசியைவிட அது ஈரத்தை வேகமாக இழுக்கும் என்று சொல்வார்கள். இழுக்கவும் செய்கிறது. ஆனால் சார்ஜ் போடும் துளைக்குள் கொஞ்சம் தூளும் குடியேறிவிடும். கூடலூர் பஜாரில், நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கும் ஆரிஃபாவின் சின்னக் கடையில், வாரத்துக்கு நாலு போனாவது திறந்தவுடன் டீ வாசம் அடிக்கும்.

ஜூன் மாதத்தின் முதல் வியாழக்கிழமை, மழை பிடித்து இரண்டாம் நாள், அப்படியொரு போனோடு வீரம்மா படியேறி வந்தாள். காலை பத்து மணி. தலையில் பிளாஸ்டிக் பை, கையில் இன்னொரு பிளாஸ்டிக் பை. தலையில் இருந்ததைவிடக் கையில் இருந்த பை பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தது.

"தங்கச்சி, இதுக்கு முன்னாடி ரெண்டு கடைக்குப் போயிட்டேன்" என்றாள். "ரெண்டு பேருமே ரீசெட் பண்ணிட்டா சரியாயிடும்னாங்க. ரெண்டாவது ஆளு அமுக்கவே போயிட்டாரு. எனக்கு என்னமோ மனசு கேக்கல. புடுங்கிட்டு வந்துட்டேன்."

"நல்ல காலம் அக்கா, புடுங்கினீங்க" என்றாள் ஆரிஃபா. "அமுக்கியிருந்தா உள்ள இருக்கறது மொத்தமும் போயிருக்கும். உக்காருங்க. இப்படி எனக்கு எதிர்ல."

எதிரில் உட்கார வைப்பது அந்தக் கடையின் வழக்கம். போனைக் கொடுத்தவர் அதைத் தன் கண் பார்வையிலேயே வைத்திருக்கலாம். திரை எப்போதும் அவர் பக்கம் பார்த்தபடி இருக்கும். பத்து வருடத்துக்கு முன்பு இது வளையல் கடை. வளையல் வாங்க வந்த ஒரு பெண், பழுதான போனை ஆண்கள் நடத்தும் கடையில் கொடுக்கத் தயங்கி, தன் குழந்தைகளின் படங்கள் அதில் இருப்பதாகச் சொல்லி அழுததை ஆரிஃபா பார்த்திருக்கிறாள். அந்த வாரமே தன்னுடைய பழைய போனைப் பிரித்துப் போட்டாள். மறுபடி சேர்க்கத் தெரியவில்லை. ஒரு மாதம் வீடியோ பார்த்துச் சேர்த்தாள். அப்புறம் கோயம்புத்தூர் போய் மூன்று மாதம் முறையாகப் படித்தாள். இன்று கூடலூர், பந்தலூர், மசினகுடியிலிருந்தெல்லாம் பெண்கள் அவளைத் தேடி வருகிறார்கள். வளையல் ரேக்குகளில் இப்போது பிஸ்கட் டின்கள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் செத்துப்போன போன்கள், மாடல்வாரியாக.

"என்ன வேணும் அக்கா இதுல?"

"ஆனை" என்றாள் வீரம்மா.

வீரம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. ஓவேலியில் பெல்மூர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அவள் இங்கே லயத்திலேயே பிறந்தவள். தினமும் விடிந்ததும், பெரட்டுக்கு முன்னால், அதாவது ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பும் அந்தக் காலைக் கூட்டத்துக்கு முன்னால், தண்ணீர் டேங்க் மேட்டில் ஏறி நின்று யானைகள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பாள். இறங்கி வந்து எந்தப் பாதையில் நடக்கலாம் என்று லயத்துக்குச் சொல்வாள். யாரும் அவளை இந்த வேலைக்கு வைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு யானைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு மாணவி, வீரம்மாவின் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். பொத்தானை அழுத்தி, பார்த்ததைப் பேசினால் போதும். நாள், நேரம், இடம் எல்லாம் அதுவே குறித்துக்கொள்ளும்.

"எழுதி வைக்கலாம்ல அக்கா?"

"நான் எழுத உக்கார்ற வரைக்கும் ஆனை நிக்குமா? பேசறதுன்னா ஆனைக்குப் பின்னால நடந்துகிட்டே பேசிருவேன்."

மாணவி வெளிநாடு போய்விட்டாள். ஆப் நடத்திய கம்பெனியும் மூடிவிட்டது. ஏப்ரலில் ஒரு நாள் போன் அணைந்து எழுந்ததும், ஆப் தன் வாசலில் நின்றுகொண்டு பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. சரிபார்த்துச் சொல்ல எதிர்முனையில் யாருமில்லை. அன்றிலிருந்து கதவு திறக்கவில்லை.

இதற்கிடையில் நாளைக் காலை பத்து மணிக்கு எஸ்டேட்டில் கூட்டம். எஸ்டேட்டில் தேயிலைச் சரிவுகளை மலை என்று நம்பர் போட்டுத்தான் சொல்வார்கள். அதில் பதினோராம் நம்பர் மலையின் குறுக்கே சோலார் வேலி போடக் குச்சி அடித்துவிட்டார்கள். யானைகள் ஓடைக்கு இறங்குவது அந்த மலை வழியாகத்தான் என்று வீரம்மா சொன்னாள். மேனேஜர், "ஒரு நாள் ரெண்டு நாள் பார்த்ததை வச்சு வழின்னு சொல்ல முடியுமா? காட்டுங்க, கேக்கறேன்" என்றாராம்.

"அவரு கேட்டதும் நாயம்தான்" என்றாள் வீரம்மா. "ஆனா அந்தப் பக்கம் அடைச்சா ஆனை பறந்தா போகும்? நாலாம் லயத்து ஓரமா வரும். அங்க முப்பத்திரண்டு வீடு. புள்ளக் காம்பரா அங்கதான் இருக்கு. அம்மாமாரு எல்லாம் மலையில நிப்பாங்க, கைப்புள்ளைங்க அங்க கெடக்கும்."

ஆரிஃபா போனின் அமைப்புகளுக்குள் போய் அந்த ஆப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தாள். மூன்று ஜிபிக்கு மேல். வெறும் வாசலுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். குரல்கள் உள்ளேதான் இருக்கின்றன.

"இருக்கு அக்கா. உங்க போன்ல, உங்க குரல். ஆனா உங்களுக்கும் காட்டாது, எனக்கும் காட்டாது. ஆப்போட சொந்த அறை அது."

"என் போனுக்குள்ள எனக்குத் தெரியாம அறையா?"

"எஸ்டேட் மாதிரி நெனச்சுக்கோங்க. மலைக்குப் போலாம், பேக்டரிக்குப் போலாம். ஆபீஸ் பீரோவத் தொறக்க முடியுமா? சாவி துரைகிட்ட இருக்கும். போன் வாங்கற எல்லாரையும் கம்பெனி லயத்துலதான் குடிவைக்குது. அந்த அறையத் தொறக்க ரூட் பண்ணணும், அதாவது அந்த துரையோட சாவிக்கொத்தை வாங்கணும்."

வீரம்மா யோசித்தாள். "சரி, ஒரு நாளைக்கு துரை ஆயிட்டு, சாயங்காலம் திரும்பி லயத்துக்கு வந்துரணும். நாளைக்குக் காலைல இந்தப் போன்லதான் செக்ரோல்ல மூஞ்சி காட்டணும். இல்லேன்னா லீவுன்னு போட்ருவாங்க."

ஆரிஃபா சிரித்துவிட்டாள். விஷயத்தின் முக்கால்வாசியை அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வருகைப் பதிவு ஆப்கள், பேங்க் ஆப்கள் எல்லாம் சாவிக்கொத்து வெளியே போன போனை நம்புவதில்லை. வேலை செய்ய மறுத்துவிடும். திறப்பது பாதி வேலை. திறந்த சுவடு தெரியாமல் மூடுவது மீதிப் பாதி.

புதிய போனாக இருந்திருந்தால் ஆரிஃபா கைவிரித்திருப்பாள். புதியவற்றில் அடிப்பூட்டைத் திறந்த உடனேயே உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். திருடனுக்காக வைத்த ஏற்பாடு அது. இது ஒன்பது வருடப் பழசு. இந்த மாடலில் அந்த அடிப்பூட்டே கிடையாது. போன் விழித்துக்கொள்வதற்கு முன்னால் ஓடும் ரெகவரி என்ற சின்னப் பகுதியை மட்டும் மாற்றி எழுதினால், பின்வாசல் கிடைக்கும். மற்றது எதையும் தொட வேண்டாம்.

பாட்டரியைக் கழற்றி அதற்கடியில் ஒட்டியிருந்த சீட்டில் மாடல் எண்ணைப் படித்தாள். கடைசி எழுத்துவரை இரண்டு முறை படித்தாள். ஒரே பெயரில் நாலு விதமாக விற்ற போன் அது. ஒன்றின் கோப்பை இன்னொன்றில் எழுதினால் இரண்டும் சேராது, போன் கல்லாகிவிடும். பாட்டரி உப்பியிருந்தது. ஆரிஃபா எழுந்து ரேக்கின் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினாள். அதே மாடல், அதே கடைசி எழுத்து, கண்ணாடி உடைந்த ஒரு போன் அதில் கிடந்தது.

"இது யாரு?" என்றாள் வீரம்மா.

"இதோட ரெட்டப் பிறவி. முதல்ல இதுல செஞ்சு பாப்பேன். இது பொழச்சாத்தான் அதத் தொடுவேன்."

இது அவளுடைய இன்னொரு வழக்கம். யாருடைய போனிலும் முதல் முயற்சி செய்வதில்லை. உடைந்த போனில் ரெகவரியை எழுதினாள், ரூட் செய்தாள், பழையபடி திருப்பினாள். ஒரு மணி நேரம் ஆனது. ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதன் நல்ல பாட்டரியைக் கழற்றி வீரம்மாவின் போனில் போட்டு, நிறையும் வரை சார்ஜ் ஏற்றினாள். கரண்ட் போனது. லாப்டாப்பில் பாட்டரி இருந்தது, கவலையில்லை. சார்ஜ் துளையை ஊசியால் சுரண்டினாள். கொஞ்சம் தூள் உதிர்ந்தது. கேபிளைச் சொருகினாள். டக்கென்று உட்கார்ந்தது.

மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்தியதும், வழக்கமான திரை இல்லாமல் நீல நிறத்தில் ஒரு வெறும் திரை வந்தது. அதை அதற்கு முன் நூறு தடவையாவது ஆரிஃபா பார்த்திருப்பாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது புதிதாகத்தான் தெரியும். படங்கள், பாட்டு, பெயர் எதுவும் வந்து சேராத நிலை. தான் யாருடைய போன் என்று போனுக்கே தெரியாத நேரம்.

லாப்டாப்பில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. கால்வாசி. பாதி.

பாதியில் நின்றது.

பத்து விநாடி. இருபது. கோடு சிவப்பானது. போனின் திரையில் ஒரு சின்னப் போன் படம், ஒரு சின்னக் கம்ப்யூட்டர் படம், இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்கோணம்.

"என்ன தங்கச்சி, ரோட்டுல மரம் விழுந்த மாதிரி போட்டிருக்கு?"

ஆரிஃபா லாப்டாப் பக்கம் குனிந்தாள். எழுதிக்கொண்டிருந்தது அந்தச் சின்னப் பகுதியை மட்டும்தான், குரல்கள் இருக்கும் இடம் வேறு என்று அவள் அறிவு சொன்னது. கை நம்பவில்லை, குளிர்ந்துபோயிருந்தது. திரையைத் திருப்பிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. திருப்பவில்லை. எதிரில் இருப்பவர் பார்க்கட்டும் என்பதுதான் அவள் பத்து வருடமாகச் சொல்லி வந்தது.

"நடுவுல நின்னுருச்சு அக்கா" என்றாள். "ஏன்னு தெரியல. பாக்கறேன்."

கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார்ஜ் துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். முதலில் அவள் சுரண்டியது முன்பக்கத் தூளை மட்டும். கடைசியில், ஊசி முனை போகாத மூலையில், பழுப்பாக ஒரு கட்டி. வருடக்கணக்காக ஒவ்வொரு மழைக்கும் டின்னில் புதைத்த தூள், ஈரம் பட்டுப் பட்டு இறுகி, அடை மாதிரி படிந்திருந்தது. கேபிள் முழுதாக உட்கார்ந்ததாகக் காட்டிக்கொண்டு, அரை மயிரிழை வெளியே நின்றிருக்கிறது. லயத்துப் போன் என்று வாசத்திலேயே தெரிந்தும், டக்கென்ற சத்தத்தை நம்பியது ஆரிஃபாவின் தவறு.

"அக்கா, இதை எத்தனை தடவ டீத்தூள்ல போட்டிருப்பீங்க?"

"மழைக்கு ரெண்டு மூணு தடவ போடுவேன். ஏன், தப்பா? எல்லாரும் போடறதுதான்!"

பல் குத்தும் குச்சியைப் பிளேடால் மெலிதாகச் சீவி, ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டு நெம்பினாள். கட்டி துண்டு துண்டாக வந்தது. மேசையில் விரித்திருந்த வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து அவள் கணவன் ஜலீல் படியேறி வந்தான். ஓவேலிக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஐந்து மணி டிரிப்பில் வீரம்மாவைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டியவன்.

"என்ன டாக்டர், ஆபரேஷன் சக்சஸா?" என்றவன் தாளைப் பார்த்தான். "இது என்னது? போனுக்குள்ள சாயாக்கடையா?"

"ரெண்டு கிளாஸ் வரும்ங்க தம்பி" என்றாள் வீரம்மா.

"எனக்குக் கடுப்பமா, நல்லா ஸ்ட்ராங்கா போடச் சொல்லுங்க."

"ஏங்க, கீழ போய் நில்லுங்க" என்றாள் ஆரிஃபா, தலை நிமிராமல். ஆனால் அந்தச் சிரிப்பில் அவள் கைக்குச் சூடு திரும்பியிருந்தது.

பாட்டரியைக் கழற்றி மறுபடி போட்டாள். மூன்று பொத்தான்கள். நீலத் திரை வந்தது. அதுவே பாதி நிம்மதி. லாப்டாப் சொல்வதைக் கேட்கும் காது போனுக்கு இன்னும் உயிரோடிருக்கிறது. கேபிளைச் சொருகினாள். இந்த முறை டக்கென்ற சத்தம் வேறு மாதிரி, ஆழமாகக் கேட்டது. பச்சைக் கோடு கால்வாசி, பாதி, முக்கால் என்று போனது. கோடு கடைசியைத் தொட்டது.

பின்வாசல் திறந்ததும் அவள் செய்த முதல் வேலை, எதையும் தேடாமல், போனில் இருந்தது அத்தனையையும் அப்படியே ஒரு புதிய மெமரி கார்டில் நகல் எடுத்தது. போனின் அடையாள எண் இருக்கும் மூலையைக்கூட விடவில்லை. இனி எது தவறினாலும் இந்த நிலைக்குத் திரும்பி வரலாம். நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடத்தில் ஜலீல் வாங்கி வந்த பழம்பொரியை மூவரும் தின்றார்கள். அதன் பிறகுதான் ரூட் செய்யும் சிறு கோப்பை உள்ளே ஏற்றிப் போனை எழுப்பினாள்.

பார்க்க எல்லாம் பழையபடிதான் இருந்தது. அதே முகப்பு, அதே முருகன் படம். ஆனால் கோப்புகளைக் காட்டும் ஆப், "முழு அனுமதி தரலாமா?" என்று ஒரு கேள்வி கேட்டது.

"துரை, சொல்லுங்க. தரலாமா?" என்றாள் ஆரிஃபா.

வீரம்மா தன் விரலாலேயே அழுத்தினாள்.

இதுவரை இல்லாத அடுக்குகள் விரிந்தன. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான அறைகள். அதில் ஒன்று அந்த ஆப்பின் அறை. திறந்தாள். வரிசையாகக் கோப்புகள் உருண்டு ஓடின. விரல் எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தன. இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. ஆரிஃபா எண்ணைப் பார்த்தாள், எதிரில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். பக்கத்திலேயே ஒரு சின்னக் கோப்பில், ஆங்கிலத்தில், இவர் உள்ளே வந்தவரா என்ற கேள்விக்கு இல்லை என்று ஒரு வரி இருந்தது. ஆறு வருடத்து யானைகளையும் அந்த ஒரு வரிதான் அடைத்து வைத்திருந்தது. அதை ஆம் என்று மாற்றிச் சேமித்தாள். ஆப்பைத் தொட்டாள்.

வாசல் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கவில்லை. நேராக ஒரு நாட்காட்டி வந்தது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பச்சைப் புள்ளி. மாதத்தைத் தள்ளினாள், புள்ளிகள். வருடத்தைத் தள்ளினாள், புள்ளிகள். எங்கோ ஓரிடத்தில் ஒன்பது நாள் வெள்ளையாகக் கிடந்தது.

"அது வனிதாவுக்குப் பிரசவம். என் மக. கோத்தகிரிக்குப் போயிருந்தேன்" என்றாள் வீரம்மா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

ஆரிஃபா போன வருட ஜூன் மாதப் புள்ளி ஒன்றைத் தொட்டாள். வீரம்மாவின் குரல் மூச்சு வாங்கியபடி வந்தது. "இன்னைக்குப் பத்து ஆனை. முன்னாடி ஒத்தக்காதுக்காரி. பின்னாடி ரெண்டு குட்டி. பதினோராம் நம்பர்ல எறங்குதுங்க. மழை புடிச்சு மூணாம் நாள்." பிறகு பேச்சு நின்றது. மூங்கில் முறிகிற சத்தம். அதற்கும் அடியில், மேசைக்குக் கீழே யாரோ பெரிய பாறையை மெதுவாக உருட்டுவது போல ஒன்று. ஸ்பீக்கரில் சரியாக ஏறாத சத்தம். ஆரிஃபா இயர்போனை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டாள். அது காதுக்கு வரும் முன் நெஞ்செலும்புக்கு வந்தது.

"என்ன அக்கா அது? கோவமா இருக்கா?"

"கோவம்னா கத்தும். இது பேச்சு. குட்டிய எங்க இருக்கன்னு கேக்குது."

ஆரிஃபா கூடலூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ரோட்டில் யானை நின்றால் வண்டிகள் வரிசையில் நிற்கும், யாராவது ஹாரன் அடிப்பார்கள், யானை பிளிறும். அவளுக்குத் தெரிந்த யானை அவ்வளவுதான். வீட்டிலிருந்து எட்டு மைல் தூரத்தில் இப்படியொரு பேச்சு தினமும் நடப்பதும், அதை ஒருத்தி தினமும் நின்று கேட்டதும், கேட்டதை இத்தனை சின்னப் பொருள் ஒன்று தன் இருட்டுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் மௌனமாக இருந்ததும் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தன. கடை மாடியில் மழை விழும் சத்தம் கேட்டது. இன்னொரு ஜூனைத் தொட்டாள். அதற்கு முந்தைய ஜூன். "மழை புடிச்சு ரெண்டாம் நாள்." "மழை புடிச்சு மூணாம் நாள்." எல்லாம் பதினோராம் நம்பர்.

ஒவ்வொரு வருடமும் அதே வழி. வரிசை முறிந்ததே இல்லை.

குரல்களை லாப்டாப்பில் ஒரு நகல், பென்டிரைவில் ஒரு நகல் எடுத்தாள். இனி மூட வேண்டும். முதலில் எடுத்து வைத்த நகலிலிருந்து போனின் அடித்தளத்தை மட்டும் பழைய இடத்தில் வைத்தாள், ரூட் போய்விட்டது. வீரம்மாவின் அறைகளைத் தொடவில்லை. ஆம் என்று மாற்றிய அந்த வரி அப்படியே இருந்தது. கடைசியாகப் பின்வாசலை எடுத்துவிட்டுக் கம்பெனியின் ரெகவரியைத் திரும்ப எழுதினாள். போன் எழுந்தது. செக்ரோல் ஆப்பைத் திறந்து வீரம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஒரு சுற்று சுற்றி, பெயரைச் சொல்லி, இது வேலை நேரமில்லை என்றது.

"திட்டுது. அப்ப சரியாயிருச்சு" என்றாள் வீரம்மா.

"எல்லாம் பழையபடி. ஒண்ணு மட்டும் மாறிருச்சு அக்கா." ஆரிஃபா நீலத் திரையை ஒரு முறை கொண்டுவந்து காட்டினாள். மூலையில் ஒரு சின்ன எண். காலையில் பூஜ்யமாக இருந்தது இப்போது ஒன்று. "இந்தப் போனை ஒரு தடவ தொறந்திருக்காங்கன்னு அடையாளம். இதை யாராலயும் மாத்த முடியாது. கெடுதல் ஒண்ணுமில்ல. மறைக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"இருக்கட்டும்" என்றாள் வீரம்மா. "நானும் ஒரு நாள் துரையா இருந்தேன்ல. அதுக்குச் சாட்சி வேண்டாமா?"

மறுநாள் ஆரிஃபா கடையைத் திறக்கவில்லை. லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜலீலின் ஜீப்பில் ஓவேலிக்குப் போனாள். பெல்மூர் எஸ்டேட்டின் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கூட்டம். நாற்பது ஐம்பது பேர், பறிக்கிற கூடையோடு பாதிப் பேர். மேனேஜர் நாற்காலியில் இருந்தார். வனத்துறையிலிருந்து ஸ்டெபின் என்ற இளம் அதிகாரி வரைபடத்தோடு வந்திருந்தார்.

வீரம்மா ஒன்றும் விளக்கவில்லை. ஆரிஃபா முந்தின நாள் ராத்திரியே ஆறு ஜூன்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். ஒவ்வொரு குரலுக்கும் ஆப் குறித்திருந்த இடத்தை ஸ்டெபின் வரைபடத்தில் தேடிப் பென்சிலால் புள்ளி வைத்தார். மூன்றாவது வருடத்தில் அவர் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சேச்சி, அது ஒண்ணு கூடி போடுங்க."

மறுபடி போட்டாள். மூங்கில் முறிந்தது. பாறை உருண்டது. கொட்டகையில் இருந்தவர்கள் தினமும் அந்தக் காட்டோரம் வாழ்கிறவர்கள்தான். ஆனாலும் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்கள். ஆறாவது ஜூன் முடிந்தபோது வரைபடத்தில் புள்ளிகள் மலை உச்சியிலிருந்து ஓடை வரை ஒரு கோடாக விழுந்திருந்தன. அதன் குறுக்கே, சிவப்பு மையில், வேலி.

மேனேஜர் புள்ளிகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இத்தனை வருஷமா இவ்வளவு பார்த்திருக்கீங்க. ஏன் ஆபீஸ்ல சொல்லல?"

"பெரட்டுல தினம் சொல்லுவேனுங்க சார்" என்றாள் வீரம்மா. "நீங்க ஜீப்புல வர்ற நேரத்துக்குள்ள ஆனையும் போயிருக்கும், நாங்களும் மலைக்குப் போயிருப்போம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேனேஜரும் சிரிப்பை அடக்கவில்லை. எழுந்து குடையை விரித்தார். "வாங்க, குச்சியை எங்க புடுங்கணும்னு காட்டுங்க."

மழையிலேயே எல்லாரும் பதினோராம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். வீரம்மா ஒரு சவுக்கு மரத்தருகே நின்று கைகாட்டினாள், பிறகு கீழே நடந்து ஒரு பாறையருகே நின்றாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த குச்சிகளை ஆட்கள் பிடுங்கினார்கள். ஸ்டெபின் அடி வைத்து அளந்தார். வேலி அந்த இடைவெளியை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வளைந்து போகும், நாலாம் லயத்தைச் சுற்றி முழுதாக அடைக்கும் என்று அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பும்போது வீரம்மா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் கீழ போயிருங்க தம்பி. இன்னைக்கு மூணாம் நாள்" என்றாள். ஜலீல் உடனே வண்டியை எடுத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. பஜாரில் கூட்டம் நெரிந்தது. ஆரிஃபாவின் கடையில் பெஞ்சு நிறைந்து, படிக்கட்டிலும் பெண்கள் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு அவள் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. வீரம்மா. ஆரிஃபா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, நேத்து சாயங்காலம் பேசினதை அனுப்பறேன், கேளு." பிறகு அதே மூச்சு வாங்கும் குரல், நேற்றைய மழைக்குள்ளிருந்து. "இன்னைக்குப் பதினொண்ணு. ஒத்தக்காதுக்காரி முன்னாடி. மூணு குட்டி, ஒண்ணு புதுசு. சவுக்குக்கும் பாறைக்கும் நடுவுல எறங்குதுங்க. மழை புடிச்சு மூணாம் நாள்."

பேச்சு நின்றது. ஆரிஃபா கையை உயர்த்தினாள். ஏன் என்று தெரியாமலே பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், பிறகு படிக்கட்டில் இருந்தவர்கள். கீழே பஸ் ஹாரன் ஒன்று அடித்து ஓய்ந்தது. அந்த அமைதிக்குள் பாறை மெதுவாக உருண்டது. சற்றுத் தள்ளி, அதைவிடச் சின்னதாக இன்னொன்று பதில் சொன்னது.